எந்த வண்டியை நிறுத்துவது

2021 அக்டோபரில் என் ஸ்கூட்டரின் மேல் பழைய வாயில் சேலை ஒன்றைப் போர்த்தினேன். வண்டி பழுதாகவில்லை. பெட்ரோல் விலை நூறைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகள். கணவருடைய மோட்டார் சைக்கிள், என்னுடைய ஸ்கூட்டர். பாளையங்கோட்டையிலிருந்து அவர் கணக்கு எழுதும் கடை நான்கு கிலோமீட்டர். நான் பாடம் நடத்தும் கல்லூரி இருபத்திரண்டு கிலோமீட்டர். என் வண்டி லிட்டருக்கு நாற்பத்தைந்து ஓடும். போக ஒரு பாதி, வர ஒரு பாதி, ஆக ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். மாதத்தில் இருபத்து நான்கு நாள் கல்லூரி. 2020 தொடக்கத்தில் 1,900 ரூபாய்க்குள் அடங்கிய செலவு இப்போது 2,500. தனியார் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் எனக்குச் சம்பளம் 16,000. தொற்றுக்காலத்தில் பாதியாக்கினார்கள். கல்லூரி திறந்த பிறகும் அது முழுதாகத் திரும்பவில்லை, 12,000-ல் நின்றது. முனைவர் பட்டம் வாங்கியவளின் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெட்ரோல் டாங்கியில் போனது.

"ரெண்டுல ஒரு வண்டிய நிறுத்திருவோம்" என்றார் கணவர். எந்த வண்டி என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. "உனக்குத்தான் ஃப்ரீ பஸ் இருக்கே."

அவர் மீது குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கணக்குப்படி அவர் சொன்னது சரி. அவர் வண்டி ஒரு லிட்டரில் ஐந்து நாள் ஓடும், என் வண்டி ஒரே நாளில் குடித்துவிடும். பஸ்ஸில் போனால் அவருக்கு டிக்கெட், எனக்குக் கிடையாது. யார் உட்கார்ந்து கூட்டிக் கழித்தாலும் என் வண்டிதான் நின்றிருக்கும். அந்தக் கணக்கில் எது எண்ணப்பட்டது, எது எண்ணப்படவில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

அந்த ஸ்கூட்டர் வந்த கதையையும் சொல்லவேண்டும். 2018 பிப்ரவரியில் மாநில அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு மானிய விலையில் இருசக்கர வண்டித் திட்டத்தைத் தொடங்கியது. வண்டி விலையில் பாதி, அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அது மானியம். வயது நாற்பதுக்குள் இருக்கவேண்டும். எனக்கு அப்போது முப்பத்தொன்பது. விண்ணப்பத்துக்கு ஓட்டுநர் உரிமம் கேட்டார்கள் என்பதற்காகவே ஓட்டக் கற்றுக்கொண்டேன். முப்பத்தொன்பது வயதில் எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் வாங்கியவள் நான். முதல் நாள் தனியாகக் கல்லூரிக்குப் போய் இறங்கியபோது கை நடுங்கியது, பயத்தில் அல்ல.

ஆக, ஓர் அரசு எனக்கு வண்டியில் பாதியைக் கொடுத்தது. இன்னோர் அரசு அந்த வண்டியில் ஊற்றிய ஒவ்வொரு லிட்டருக்கும் வரி வாங்கியது. அடுத்து வந்த அரசு இலவசப் பஸ் விட்டது. மூன்றும் என் ஒருத்தியின் மேல் வந்து சந்தித்துக்கொண்டதில், சேலை போர்த்திய வண்டி வாசலில் நின்றது.

வரியைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். பெட்ரோல் விலை ஏறினால் உலகச் சந்தை என்பார்கள். 2020-இல் தொற்றுக்காலத்தில் கச்சா எண்ணெய் விலை தரைமட்டத்துக்கு விழுந்தது. அப்போது நமக்குக் குறையவில்லை. ஒன்றிய அரசு மார்ச்சில் லிட்டருக்கு 3 ரூபாயும் மே மாதம் 10 ரூபாயும் கலால் வரியை உயர்த்திக் குறைவை எடுத்துக்கொண்டது. சேலை போர்த்திய அந்த அக்டோபரில் ஒரு லிட்டருக்கு ஒன்றிய வரி மட்டும் 32 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளும் அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசுதான். மற்றதெல்லாம் செஸ், கூடுதல் வரி என்ற பெயர்களில் டெல்லியிலேயே தங்கிவிடும். நாளுக்கு ஒரு லிட்டர் போட்ட நான் நாளுக்கு 32 ரூபாய் 90 காசு கட்டினேன். நாற்பது லட்சம் ரூபாய் காரில் போகிறவரும் லிட்டருக்கு அதே 32 ரூபாய் 90 காசுதான் கட்டினார். 12,000 சம்பளக்காரிக்கு வருமான வரி கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விலை தினமும் தானாக மாறுகிறது, அரசு தலையிடுவதில்லை என்பதும் பாதி உண்மைதான். 2017 ஜூனிலிருந்து தினசரி விலை. ஆனால் 2021 தீபாவளியன்று 5 ரூபாய் வரியைக் குறைத்த பிறகு, 2022 மார்ச் 22 வரை நான்கரை மாதம் எண்ணெய் நிறுவனங்களின் விலை அசையவே இல்லை. இடையில் உக்ரைன் போர் தொடங்கி, கச்சா எண்ணெய் நூறு டாலரைத் தாண்டியது. இங்கே ஐந்து மாநிலங்களில் தேர்தல் நடந்தது. மார்ச் 10-ஆம் தேதி முடிவு வந்தது. பன்னிரண்டு நாளில் விலை மறுபடி நடக்க ஆரம்பித்தது. எந்தச் சந்தைக்கும் இவ்வளவு நல்ல தேர்தல் ஞானம் இருந்து நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் ஊரில் யாரும் லிட்டர் கணக்கில் பெட்ரோல் போடுவதில்லை. நூறு ரூபாய்க்கு, இருநூறு ரூபாய்க்கு. ஏமாற்றிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் நூற்றுப்பத்து, இருநூற்றைந்து என்று கேட்பார்கள். ரூபாய் மாறுவதில்லை, தூரம்தான் குறைகிறது. விலை ஏறிய செய்தி பெண்களுக்கு வருவது அப்படித்தான். அம்மா வீட்டுக்குப் போவது மாதத்துக்கு இரண்டு முறை என்பது ஒன்றாகும். சாயங்காலக் கவிதை வாசிப்புக்கு "இன்னிக்கு வேண்டாமே" என்றாகும். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நான் பஸ்ஸுக்கு மாறினேன். ஸ்கூட்டரில் நாற்பது நிமிடம். பஸ்ஸில் புது பஸ் ஸ்டாண்டு வரை ஒன்று, அங்கிருந்து இன்னொன்று, நடுவே நிற்கும் நேரமும் சேர்த்து எண்பது நிமிடம். போக வர எண்பது நிமிடம் கூடுதல். இந்த எண்பது நிமிடம் எங்கிருந்து வந்தது? சமையலிலிருந்து வரவில்லை. மாமியாருக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்கும் நேரத்திலிருந்து வரவில்லை. விடிகாலை ஐந்திலிருந்து ஆறு வரை நான் எழுதும் நேரம் ஒன்று இருந்தது, அதிலிருந்துதான் வந்தது. அந்த நான்கு மாதத்தில் ஒரு கவிதைகூட எழுதவில்லை. வீட்டுக் கணக்கு நோட்டில் மாதம் 2,500 மிச்சம் என்று இருந்தது.

ஆனால் அந்தப் பஸ்ஸை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஸ்கூட்டரில் போன மூன்று ஆண்டுகளில் நான் பார்க்காத பெண்களை அதில் பார்த்தேன். சித்தாள் வேலைக்குப் போகும் ஓர் அக்கா தினமும் என் பக்கத்தில் உட்காருவார். "முன்னாடி பஸ்ஸுக்குப் பத்து ரூவா போயிருமேன்னு பக்கத்து வேலைக்கே போவேன், முந்நூறு குடுப்பான். இப்ப தூரமாப் போறேன், நானூத்தம்பது" என்றார். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தத் தாளை ஓட்டுநரும் நடத்துநரும் எல்லோரும் ஒரே மனத்தோடு படித்துவிடவில்லை. பெண்கள் மட்டும் நின்றால் நிறுத்தாமல் போன பஸ்கள் உண்டு. "ஓசி" என்ற சொல் என் காதில் விழுந்த நாட்கள் உண்டு. அக்கா மட்டும் அலட்டிக்கொள்ளமாட்டார். "அவன் அப்பன் வீட்டு வண்டியா?" என்று ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். பெண் விடுதலை என்றாலே எனக்கு என் ஸ்கூட்டர்தான் ஞாபகம் வரும். அந்த அக்காவுக்கு ஸ்கூட்டர் என்றைக்குமே கணக்கில் இருந்ததில்லை.

இரண்டு தொகைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது அந்தப் பஸ்ஸில்தான். கட்டணமில்லாப் பயணத்தை அறிவித்தபோது அதற்காக அரசு ஒதுக்குவதாகச் சொன்னது ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய். அதே ஆண்டு ஆகஸ்டில் மாநில அரசு பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது. அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு என்றார் நிதியமைச்சர். ஏறத்தாழ ஒரே தொகை. மூன்று ரூபாய் குறைந்த அன்று நானும் சந்தோஷப்பட்டேன். என் வண்டியின் ஐந்து லிட்டர் டாங்கியை நிரப்பினால் 15 ரூபாய் மிச்சம். நாற்பது லிட்டர் டாங்கிக் காருக்கு 120. பஸ் நிறுத்தத்தில் நிற்கும் அக்காவுக்கு ஒன்றுமில்லை. வரிக் குறைப்பு டாங்கியின் அளவைப் பார்த்துக் கொடுக்கிறது. விலை ஏறும்போதெல்லாம் வரியைக் குறை என்று நாம் கேட்பது நியாயம்தான், நானும் கேட்பேன். ஆனால் அந்தக் குரலோடு இன்னொரு பஸ் விடு, ஏழு மணிக்குப் பிறகும் விடு என்ற குரல் சேர்ந்து வருவதில்லை. ஏழு மணிக்குப் பிறகு பஸ் தேவைப்படுகிறவர்கள் பெட்ரோல் விலையைப் பற்றித் தொலைக்காட்சியில் பேச வருவதில்லை.

முல்லைப் பாடல்கள் நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள். வினை முடித்துத் திரும்பும் தலைவன் பாகனிடம் தேரை விரைந்து ஓட்டு என்பான். தலைவி வீட்டில் காத்திருப்பாள். "அவளுக்குத் தேரே கெடயாதாம்மா?" வகுப்பு சிரித்தது. தமிழ்த்துறையில் எங்களை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கேட்டவள் முதுகலை இரண்டாமாண்டு. கல்லூரியிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே, பிரதான சாலையை விட்டு விலகிய கிராமம். அங்கே டவுன் பஸ் போகாது, தனியார் மினி பஸ்தான். மினி பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் கிடையாது. இவள் வீட்டு டிவிஎஸ் எக்ஸெல்லில் மூன்று பெண்கள் சேர்ந்து வருவார்கள். மூன்று பேர் ஏறுவது சட்டப்படி தப்பு என்று நான் ஒரு நாள் கண்டித்துமிருக்கிறேன். பெட்ரோலுக்கு ஆளுக்கு இருபது ரூபாய் போடுவார்கள். அந்த அக்டோபரில் ஒருத்தியால் போடமுடியவில்லை, நின்றுவிட்டாள். "மிச்சம் ரெண்டு பேருக்குத் தாங்கலம்மா" என்றாள். பிறகு அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டான். வேலைக்குப் போகிறவனுக்கு வேண்டும் அல்லவா. இவள் மினி பஸ்ஸுக்குக் காசு கிடைக்கும் நாட்களில் வந்தாள். வாரத்தில் மூன்று நாள்.

பிப்ரவரியில் வருகைப் பதிவு குறைந்தவர்களின் பட்டியலை எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனவர்களில் அவள் பெயர் நான்காவது. என் கையால்தான் எழுதினேன். பட்டியலில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அவள் பெயருக்கு நேரே 'போக்குவரத்து வசதியின்மை' என்று எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்த பட்டியலில் அது அடிக்கப்பட்டு 'சொந்தக் காரணம்' என்று இருந்தது. மற்றவர்களுக்கும் அதேதான் எழுதியிருக்கிறது, ஒரே மாதிரி இருக்கட்டும் மேடம் என்றார் அலுவலகத்தில். அபராதம் 500 ரூபாய் கட்டிவிட்டுத் தேர்வு எழுதினாள். அவர்கள் கணக்கில் அது கிட்டத்தட்ட ஐந்து லிட்டர்.

அந்த இரண்டு சொற்களோடு வீட்டுக்கு வந்தேன். எங்கள் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். பல ஆண்டுகளாக என் கையெழுத்தில்தான் இருக்கிறது அது. மளிகை, பால், சிலிண்டர், மின்சாரம் என்ற வரிசையில் 'பெட்ரோல்' என்று ஒரு வரி, அது அவருடைய வண்டிக்கு. கீழே கோடு போட்டு, என் சேலை, என் புத்தகம், என் மாத்திரை என்ற வரிசையில் 'என் வண்டி' என்று இன்னொரு வரி. இப்படிப் பிரிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானேதான் பிரித்திருக்கிறேன். அவர் வேலைக்குப் போவது வீட்டுச் செலவு. நான் வேலைக்குப் போவது சொந்தக் காரணம்.

மார்ச் மாதத்திலிருந்து இரண்டு வரிகளையும் ஒன்றாக்கி மேலே எழுதினேன். கணவர் மூன்று நாள் பேசவில்லை. பிறகு பேசினோம், நன்றாகவே பேசினோம், இரவு பன்னிரண்டு வரை. பெட்ரோலுக்கு என்று ஒரு தொகையை நிறுத்தினோம், அதற்குள் இரண்டு வண்டியும் ஓடவேண்டும். அவர் கடைக்கு வீட்டு முனையிலிருந்தே பஸ் இருக்கிறது, பத்து நிமிடத்துக்கு ஒன்று. அவர் வாரம் நான்கு நாள் அதில் போகிறார். நான் செவ்வாயும் வெள்ளியும் ஸ்கூட்டரை எடுக்கிறேன். அந்த இரண்டு நாள் ஐந்து மணிக்கு மேல் நூலகத்தில் இருக்கலாம், வாசிப்புக்குப் போகலாம். மற்ற நாட்களில் பஸ், அக்காவின் பக்கத்து இருக்கை. அந்த ஏப்ரலில் சென்னையில் விலை 110-ஐத் தொட்டது. அதன் பிறகு மே மாதம் 8 ரூபாயும், 2024 மார்ச்சில் 2 ரூபாயும் குறைத்தார்கள். அப்போதும் சென்னையில் 100 ரூபாய் 75 காசு. நூறுக்குக் கீழே இறங்கவில்லை. எங்கள் ஏற்பாடும் மாறவில்லை.

பஸ்ஸில் போகத் தொடங்கிய முதல் வாரம் கணவர் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "போக வர அரை மணி நேரம் வீணாப் போயிருது, தெரியுமா?"

நான் கணக்கு நோட்டில் அன்றைய பால் காசை எழுதிக்கொண்டிருந்தேன்.