அரை வட்டம்

காலை ஐந்தே கால் மணி. டோக்கியோவின் ஹன்சோமோன் பகுதியில் உள்ள இந்தச் சிறிய விடுதியின் கீழ்த்தளத்தில் பாதி விளக்குகள்தான் எரிகின்றன. லிஃப்ட் கதவு திறக்கிறது. அவர் வருகிறார். ஷூ கையில் இருக்கிறது. காலில் சாக்ஸ் மட்டும். மாடியில் தூங்குகிறவர்களுக்குக் காலடிச் சத்தம் கேட்கக் கூடாதாம். வாசலோரப் பெஞ்சில் உட்கார்ந்து, ஷூவின் நாக்கை இழுத்து நேராக்கி, லேஸை ஒவ்வொரு துளையாக நெகிழ்த்திவிட்டு மறுபடி இறுக்குகிறார். பலரும் பயன்படுத்தாத கடைசித் துளையில் லேஸை நுழைத்துச் சிறு வளையமாக்கி, எதிர்ப்பக்க நுனியை அதற்குள் கொடுத்து இழுக்கிறார். குதிகால் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் கட்டு அது. பிறகு இரட்டை முடிச்சு. எழுந்து இரண்டு முறை குதிகாலைத் தரையில் தட்டிப் பார்க்கிறார். கண்ணாடிக் கதவு விலகுகிறது. நவம்பர் மாதக் குளிர் ஒரு வீச்சு உள்ளே வந்து போகிறது. அவரைக் காணோம்.

தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து இதைத் தினமும் பார்க்கிறேன். சென்னையிலிருந்து மூன்று பேர் இரண்டு வார வேலையாக வந்திருக்கிறோம். ஓத்தேமாச்சியில் இருக்கும் வாடிக்கையாளர் அலுவலகத்தில் பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். அவர்தான் எங்கள் தலைவர். வயது நாற்பத்தாறு. நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். ஜனவரி தொடக்கத்தில் வரும் சென்னை மாரத்தானில் முதல் முறையாக முழுத் தூரம், 42.195 கிலோமீட்டர், ஓடப் பெயர் கொடுத்திருக்கிறார். கைவசம் இருந்த எட்டு வாரத்தில் இரண்டு வாரத்தை இந்தப் பயணம் எடுத்துக்கொண்டது.

முதல் மூன்று நாள் நான் கீழே வந்தது தூக்கம் பிடிக்காமல்தான். இந்திய நேரத்துக்கு ஜப்பான் மூன்றரை மணி முந்தியது. உடம்பின் உள்கடிகாரம் இயல்பிலேயே 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாகச் சுற்றும். அதனால் நாளை நீட்டச் சொன்னால் இணங்கும், சுருக்கச் சொன்னால் முரண்டு பிடிக்கும். கிழக்கு நோக்கிய பயணம் கூடுதலாக அலுப்பதற்குக் காரணம் இதுதான். சுவர்க் கடிகாரம் ஐந்தே கால் என்னும்போது உடம்பு ஒன்றே முக்கால் என்கிறது. நான்காம் நாள் எனக்குத் தூக்கம் திரும்பிவிட்டது. ஆனாலும் அலாரம் வைத்து எழுந்து கீழே வந்தேன், அவரைப் பார்ப்பதற்காக.

சிங்கப்பூரில் விமானம் மாறும்போதே ஒன்றைக் கவனித்திருந்தேன். பெட்டி சரக்கோடு போய்விட்டது. ஷூ மட்டும் துணிப்பையில் சுற்றி அவர் கைப்பைக்குள் இருந்தது. பெட்டி தொலைந்தால் மாற்றுச் சட்டையை எந்த ஊரிலும் வாங்கிக்கொள்ளலாம். கால் பழகிய ஷூவை வாங்க முடியாது. விமானத்தில் எல்லோரும் தூங்கியபோது அவர் மணிக்கொரு தடவை எழுந்து பின்கோடி வரை நடந்துவிட்டு வந்தார். ஏழு மணி நேரத்தில் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தார்.

சனிக்கிழமை இரவு வந்து இறங்கினோம். மறுநாள் ஞாயிறு, ஓட்டக்காரர்களுக்கு லாங் ரன் எனும் நெடுந்தூர ஓட்ட நாள். அவர் ஓடவில்லை. கைகளை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் நடந்துவிட்டு வந்தார். திங்களன்றும் நடைதான். செவ்வாய்க்கிழமைதான் மெதுவாக மூன்று கிலோமீட்டர் ஓடினார். அவ்வளவு தூரம் ஷூவைக் கையிலேயே தூக்கி வந்தவர் ஏன் இரண்டு நாள் ஓடாமல் இருந்தார் என்று எனக்குப் புரியவில்லை. காலை உணவு மேசையில் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் புரியத் தொடங்கியது.

எட்டாக மடித்து மடித்து மடிப்பு நைந்துபோன ஒற்றைத் தாள். கட்டம் கட்டமாகப் பதினாறு வாரம். ஒவ்வொரு கட்டத்திலும் அச்சில் ஓர் எண்: 6, 8, 5, 18. எண்ணைச் சுற்றிப் பென்சிலில் ஒரு குறி. சொன்னபடி ஓடிய நாளுக்கு முழு வட்டம். ஓய்வு என்று தானே முடிவு செய்த நாளுக்குச் சிறு கோடு. குறைத்து ஓடிய நாளுக்கும், நடந்து மட்டும் வந்த நாளுக்கும் அரை வட்டம். சென்னை வாரங்களில் பெரும்பாலும் முழு வட்டங்கள். டோக்கியோ வாரத்தில் வரிசையாக அரை வட்டங்கள். தாளில் எங்கேயும் பெருக்கல் குறி இல்லை. தவறிப்போன நாள் என்று அவர் கணக்கில் ஒன்று கிடையாது.

ஏழரை மணிக்கு அவர் சாப்பிட உட்காரும்போது சென்னையில் விடியற்காலை நான்கு. அது அங்கே அவருடைய குழு எழுந்து கிளம்பும் நேரம். தோழி ஒருவருக்குத் தினமும் போன் செய்வார். "கிளம்பிட்டியா? மழையா? தண்ணி தேங்கியிருந்தா பீச் ரோட்டுக்குப் போங்க, சந்துக்குள்ள போகாதீங்க" என்பார். அந்தப் பக்கம் ஏதோ கேட்கும். "நான் முடிச்சிட்டு வந்துட்டேன்டி. கொஞ்சம்தான். தூக்கம் இன்னும் சரியாகல. இப்பப் போய் முட்டி மோதினா கால்தான் போகும்." சொல்லிவிட்டு மிசோ சூப்பை இரண்டு கைகளாலும் எடுத்துக் குடிப்பார். அவர் முடிக்கும் நேரத்தில் அவர்கள் தொடங்குகிறார்கள். வங்காள விரிகுடா ஓரத்தில் நாய் குரைக்கும் இருட்டில் ஐந்தாறு பேர் ஷூ கட்டிக்கொண்டிருப்பது இந்த மேசையிலிருந்தே தெரிவதுபோல இருக்கும்.

அவர் ஓடும் பாதையை ஒருநாள் மாலை நானும் நடந்து பார்த்தேன். ஜப்பான் பேரரசரின் அரண்மனையைச் சுற்றி அகழி. அகழிக்கு வெளியே நடைபாதை. ஒரு சுற்று சுமார் 5 கிலோமீட்டர். ஒரு சிக்னல்கூடக் குறுக்கே வராது. ஒரு காலத்தில் ஜப்பானை ஆண்ட தோக்குகாவா ஷோகுன்களின் கோட்டையாக இருந்த இடம். எல்லோரும் இடச்சுற்றாக ஓடுகிறார்கள், அகழியும் கோட்டைச் சுவரும் எப்போதும் இடது கைப்பக்கம் இருக்கும்படி. இது ஓட்டக்காரர்களுக்கென்று போட்ட பாதை அல்ல, ஊர் நடக்கும் நடைபாதை. நடப்பவர்களுக்கே முதல் உரிமை. குறுகலான இடத்தில் ஓடுகிறவர்கள் ஒற்றை வரிசையாகிவிடுகிறார்கள். ஹன்சோமோனிலிருந்து சகுராதாமோன் வாசல் வரை இறக்கம். பிறகு அரண்மனை முன்வெளியை ஒட்டிச் சமதரை. ஓத்தேமோன் தாண்டி, தகேபாஷி தாண்டி, சிதோரிகாஃபுச்சியை நோக்கி ஏற்றம். சுற்று முடியும் இடத்தில் ஏற்றம் வருகிறது. களைத்த காலுக்குத்தான் அந்தச் சோதனை. நடைபாதையில் விட்டு விட்டு மலர்த் தகடுகள் பதித்திருக்கிறார்கள், ஜப்பானின் 47 மாகாணங்களுக்கும் ஒவ்வொன்றாக அதனதன் மலர். நவம்பரில் நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. ஆறரைக்கு மேல் அலுவலகங்களிலிருந்து ஆட்கள் வந்து குவிகிறார்கள். பூட்டுப் பெட்டியும் குளியலறையும் வாடகைக்குக் கொடுக்கும் கடைகளே அங்கு இருக்கின்றன. கோட்டும் டையுமாக உள்ளே போகிறவர் அரைக்கால் சட்டையோடு வெளியே வருகிறார்.

ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை. முந்தின இரவு வேலை முடிய ஒன்பதரை. அதற்குப் பிறகு வாடிக்கையாளர்கள் விருந்துக்குக் கூப்பிட்டார்கள், மறுக்க முடியாது. அறைக்குத் திரும்பும்போது நள்ளிரவைத் தாண்டியிருந்தது. தாளில் வெள்ளிக்கு இருந்தது 8 கிலோமீட்டர் டெம்போ: பேச்சு திணறும் அளவுக்கு மூச்சு வாங்கும் வேகத்தில் ஓட வேண்டிய ஓட்டம். அவர் வர மாட்டார் என்றே நினைத்தேன். ஐந்தே காலுக்கு லிஃப்ட் திறந்தது. பெஞ்சில் உட்கார்ந்தார். வலக்கால் லேஸ் கட்டி முடித்தார். இடக்காலுக்குக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். லேஸின் இரண்டு நுனிகளும் விரல்களுக்கிடையே இருந்தன. ஒரு நிமிடம் போயிருக்கும். இமைகள் கனத்துக் கிடந்தன. வரவேற்பு மேசை இளைஞர் தலையைத் தாழ்த்தி ஏதோ எழுதுவதுபோல இருந்தார். பிறகு அவர் இடக்கால் லேஸையும் கட்டினார், கடைசித் துளை வரை. வெளியே போனார். பன்னிரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தார். கன்னத்தில் குளிரின் சிவப்பு மட்டும் இருந்தது, வேர்வை இல்லை. அன்று காலை மேசையில் பென்சிலை எடுத்து, தயங்காமல் அந்த 8-ஐச் சுற்றி அரை வட்டம் போட்டார். வெட்கமோ பெருமையோ அந்தக் கையில் தெரியவில்லை.

விடாப்பிடி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதைச் செய்து முடிப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எட்டையும் ஓடியே தீருவேன் என்று போயிருந்தால் அரைத் தூக்கத்தில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பார். படுத்தே கிடந்திருந்தால் மறுநாளும் படுத்திருக்கத் தோன்றும். இரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எட்டாம் நாள், ஞாயிறு. இந்தத் தடவை லாங் ரன்னைத் தள்ள முடியாது, தாளில் 24. நான் ஐந்தரைக்கே நடந்து போய், சகுராதாமோன் வாசலுக்கு அருகே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அவர் மெதுவோட்டத்தில் இறங்கி வந்து, கைக்கடிகாரத்தை அழுத்திவிட்டு ஆறு மணிக்குத் தொடங்கினார். அகழித் தண்ணீர் இன்னும் கறுப்பாகவே இருந்தது.

முதல் சுற்று முப்பத்தைந்து நிமிடம். ஜாக்கெட் கழுத்துவரை மூடியிருந்தது, கையில் உறை, முகத்தில் சாதாரண அமைதி. இரண்டாவது சுற்றில் வெயில் கல்சுவரின் மேல் வரிசையைத் தொட்டுவிட்டது. ஜாக்கெட் இடுப்பில், கையுறைகள் விரலிடுக்கில். மூன்றாவது சுற்றில் அவருக்குப் பின்னால் இருவர் வந்தார்கள். ஒரு சிறு கயிற்று வளையத்தை ஆளுக்கொரு கையில் பிடித்து, ஒரே தாளத்தில் கால் வைத்து வந்தார்கள். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் வழித்துணை. காலடி கேட்டதும் மேடம் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். கடந்து போகையில் துணையோட்டக்காரர் தலை தாழ்த்தினார். இவரும் தாழ்த்தினார். அப்போது முகத்தைப் பக்கத்தில் பார்த்தேன். தாடை இறுகியிருந்தது. உதடு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது, அடியையோ மலர்த் தகடுகளையோ.

நான்காவது சுற்று முடிந்தபோது மணி எட்டு இருபத்தைந்து. நின்றார். இருபது கிலோமீட்டர். மீதி நான்கு. இடுப்பில் கை வைத்து ஓத்தேமோன் பக்கம் போகும் பாதையைப் பார்த்தார். குனிந்து தன் வலது முழங்காலைப் பார்த்தார், ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல. இருமுறை மடக்கி நீட்டினார். பிறகு கடிகாரத்தை நிறுத்திவிட்டுத் சற்றுத் தள்ளியிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

பையிலிருந்து முக்கோணச் சோற்று உருண்டையை எடுத்தார். ஒனிகிரி. பிளாஸ்டிக் உறையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். ஒன்றைப் பிடித்து நடுவில் கிழித்து, இரண்டையும் மூன்றையும் பக்கவாட்டில் உருவினால், அதுவரை சோற்றில் படாமல் மொறுமொறுப்பாக இருந்த கடற்பாசித் தாள் அப்போதுதான் சோற்றைச் சுற்றிக்கொள்ளும். விரல் விறைத்திருந்ததால் மூன்று முறை முயன்றார். உள்ளே உமேபோஷி, உப்பில் ஊறிய புளிப்புப் பழம். முதல் கடியில் கண்ணை மூடிக்கொண்டார். ஊறுகாய் தொட்ட தயிர்சாதம் தின்கிற முகம் அது. கடைசிப் பருக்கை வரை தின்றுவிட்டு உறையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மெல்ல மேடேறி நடந்தார்.

அடுத்த செவ்வாய் மழை. நனைந்து திரும்பி, விடுதிக்காரரிடம் பழைய செய்தித்தாள்கள் வாங்கிக்கொண்டு போனார். மாலைக்குள் ஷூவின் வயிற்றில் திணித்த ஜப்பானியச் செய்திகள் ஈரத்தைக் குடித்திருந்தன.

புதன்கிழமை மதியம் ஓத்தேமாச்சியில் சாப்பிடப் போகும்போது யோமியுரி நாளிதழ்க் கட்டடத்தின் முன் அவர் நின்றுவிட்டார். ஹக்கோனே எகிதென் தொடங்குவதும் முடிவதும் அங்கேதான். 1920-இல் தொடங்கிய பல்கலைக்கழகத் தொடரோட்டம். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 2, 3 தேதிகளில், டோக்கியோவிலிருந்து ஹக்கோனே மலைக்குப் போய்த் திரும்பும் 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தைப் பத்துப் பேர் பகிர்ந்து ஓடுவார்கள். தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே அணியும் தாசுகி என்ற துணிப்பட்டையை ஒருவர் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். எங்களோடு வந்த ஜப்பானியச் சகா விளக்கினார்: முன்னவர் குறித்த நேரத்துக்குள் வந்து சேராவிட்டால், அடுத்தவர் அவருக்காகக் காத்திருக்க முடியாது. மாற்றுப் பட்டை ஒன்றை அணிந்துகொண்டு கிளம்ப வேண்டும். பட்டையின் தொடர்ச்சி அறுவது பெருந்துக்கம். ஆனாலும் அணி ஓடி முடிக்கும். மேடம் அதைக் கேட்டுத் தலையசைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்தத் தாளின் அரை வட்டங்கள் ஞாபகம் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு மாற்றுப் பட்டை.

சனிக்கிழமை திரும்பும் விமானம். ஷூ மறுபடி கைப்பைக்குள். விளக்குகளை அணைத்த பிறகு பக்கத்து இருக்கையில் படிப்பு விளக்கு மட்டும் எரிந்தது. மேசைப் பலகையில் தாளை விரித்திருந்தார். டோக்கியோவின் இரண்டு வரிகளில் முழு வட்டம் மூன்று. மற்றவை அரை வட்டங்களும் கோடுகளும். 24-ஐச் சுற்றியிருந்த வட்டம் மட்டும் கிட்டத்தட்ட மூடியிருந்தது, நான்கு கிலோமீட்டர் அளவுக்கு ஒரு திறப்பு விட்டு.

அவர் அவற்றைக் கூட்டிப் பார்க்கவில்லை. விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. சென்னை. முதல் கட்டத்தில் 6 என்று இருந்தது. அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு நேரத்தை மட்டும் எழுதினார்: 4.45. தாளை எட்டாக மடித்து, விளக்கை அணைத்தார்.