பாக்கெட் போன பிறகு

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி ஏறுகிறவர்கள் ஷிஃப்ட் முடிந்ததும் சாராயக்கடைக்குப் போவதை எங்கள் கோலார் தங்கவயலில் யாரும் கேள்வி கேட்டதில்லை. பாறைச் சூடு, வெடிப்புகை, உடம்பு வலி என்று காரணம் சொல்வார்கள். வலி உண்மை. சம்பளக் கவர் பாதியாக வீடு வந்து சேர்ந்ததும் உண்மை. அப்போது விற்றது அரசாங்கம் ஏலம் விட்ட சாராயம். பாலித்தீன் பாக்கெட்டில் வரும். முனையைப் பல்லால் கடித்து அப்படியே வாயில் ஊற்றிக்கொள்வார்கள்.

ஆந்திர எல்லை ஒரு பக்கம், தமிழக எல்லை மறுபக்கம். ஓர் அரசாங்கம் கடையை மூடினால் குடிக்கிறவன் பக்கத்து மாநிலத்துக்கு நடப்பான், அவ்வளவுதான். 1995இல் ஆந்திராவில் என்.டி.ராமராவ் மதுவிலக்கு கொண்டுவந்தபோது குப்பம் பக்கத்து ஆட்கள் ஆண்டர்சன்பேட்டை வரை வந்து குடித்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். நர்ஸ் வேலைக்குப் படித்திருந்த நான் எல்லோரையும் போல விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய்வர ஆரம்பித்தேன். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் மிஞ்சியவர்கள் வயசானவர்களும் இருமுகிறவர்களும். 2007 ஜூலை 1 முதல் கர்நாடகத்தில் பாக்கெட் சாராயத்துக்கும் தடை வந்தது. பெண்கள் பலர் சந்தோஷப்பட்டோம், என் அம்மா உட்பட.

எங்கள் வரிசைக் கடைசி வீட்டுச் சித்தி அதற்கு முன்பே காய்ச்சிக்கொண்டிருந்தவள்தான். வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறலின் புளிப்பு வாடை மழைநாளில் தெரு முழுக்க வரும். முதலில் புருஷனுக்கு, பிறகு கேட்டு வந்தவர்களுக்கு. ஒருமுறை பானையின் மூடி ஓரமாகக் கசிந்த ஆவியில் அடுப்பு நெருப்பு பற்றிக்கொண்டது. சித்தியின் கை முழங்கை வரை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் கஞ்சி வடிக்கும்போது கொட்டியது என்றாள். வேறென்ன சொல்வாள்? 1965ஆம் வருட ஆயத்தீர்வைச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரு சொட்டு காய்ச்சினாலும் குற்றம். காய்ச்சுவதற்கென்று பானையும் குழாயும் வைத்திருந்தாலே குற்றம். விற்கவில்லை, வீட்டுக்கு மட்டும்தான் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

நான் அவளிடம் ஓயாமல் சண்டை போட்டிருக்கிறேன். அவள் ஒரு துணியை நனைத்துப் பற்றவைத்துக் காட்டுவாள். "நீலமா எரியுது பாரு கண்ணு, இது சுத்தமான சரக்கு."

2008 மே மாதம், தேர்தல் சமயம். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி வார்டுக்குள் முதலில் வந்தவர்களைப் பார்த்தபோது வழக்கமான போதை கேஸ் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர்களுக்கு வேகமாக மூச்சு வாங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். ஒருவர் என் முகத்துக்கு நேராக, "ஏன் சிஸ்டர் லைட்டை அணைச்சிட்டீங்க?" என்று கேட்டார். வெளியே நல்ல வெயில். பெங்களூர், ஆனேக்கல், எங்கள் கோலார் மாவட்டம், எல்லைக்கு அப்பால் ஓசூர், கிருஷ்ணகிரி என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. 150 பேருக்கு மேல் செத்தார்கள்.

அவர்கள் குடித்தது எந்த அடுப்பிலும் காய்ச்சியதல்ல. தொழிற்சாலைக்குப் போகவேண்டிய மெத்தனால், போதைக்காகக் கலந்து விற்கப்பட்டது. வெல்ல ஊறலில் மெத்தனால் இருந்தாலும் மிகச் சொற்பம்தான். ஆளைக் கொல்கிற அளவு டின்னிலிருந்துதான் வரும். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அது ரத்தத்தைப் புளிக்கவைத்துக் கண் நரம்பை அரிக்கும். சித்தியின் நீலச் சுடர் இங்கே உதவாது: மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். வாசனையிலும் நாக்கிலும்கூட வித்தியாசம் தெரியாது. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60 பேருக்கு மேல் செத்ததும் இதே மெத்தனாலால்தான்.

இதற்கு மாற்று மருந்து எத்தனால், அதாவது நல்ல சாராயமே. கல்லீரல் எத்தனாலைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் மெத்தனாலை டயாலிசிஸில் வெளியேற்றலாம். குடித்துச் சாகக் கிடந்தவரின் மூக்குக் குழாயில் டாக்டர் சொன்ன அளவில் நான் ஆல்கஹால் ஊற்றினேன். வாசலில் நின்ற அவர் மனைவி இதைப் பார்த்து என் கையைத் தட்டிவிட்டாள். அவளுக்குப் புரியவைக்க எனக்கு அப்போது நேரமில்லை, பாஷையும் சரியாக வரவில்லை. அவள் பேசியது தெலுங்கு.

அந்த வாரம் தங்கவயலில் ரெய்டு நடந்தது. சித்தியின் ஊறலைச் சாக்கடையில் கொட்டிப் பானையை உடைத்துவிட்டுப் போனார்கள். சட்டப்படி சரிதான், அவள் கையும் தப்பித்தது. ஆனால் மெத்தனால் டின்னுக்கு அடுப்பும் வேண்டாம், பானையும் வேண்டாம். லாரியும் கூட்டாளியும் போதும்.

மறுநாள் ராத்திரி, ஆனேக்கல் பக்கம் கட்டட வேலைக்குப் போயிருந்த எங்கள் லைன் பையனின் மனைவி போன் செய்தாள். காலையில் குடித்தானாம், ராத்திரி கண் லேசாக மங்குகிறதாம். "தூங்கி எழுந்தா சரியாயிடுமா அக்கா?" மெத்தனால் இப்படித்தான் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கூடச் சும்மா இருந்துவிட்டுப் பிடிக்கும். தூங்க விடாதே, இப்போதே ஆட்டோ பிடி, என்ன குடித்தான் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல் என்றேன். "போலீஸ் கேஸ் ஆயிடாதா?" என்றாள். ஆகட்டும் என்றேன். போனாள். ஆள் பிழைத்துவிட்டான், ஆனால் பார்வை முழுசாகத் திரும்பவில்லை. இப்போது ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் பூண்டு விற்கிறான். நோட்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்துத்தான் சில்லறை கொடுப்பான்.