டீசலும் வடிகட்டியும்

பெங்களூரு ஓசூர் சாலையில், அடுகோடியில் அமைந்தது மைக்கோ ஆலை. 1951இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் இன்றைய பெயர் பாஷ். டீசலைப் பீய்ச்சும் பம்புகள் அங்கே உருவாயின.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை; இறுக்கப்பட்டுச் சூடேறிய காற்றே எரிபொருளைப் பற்றவைக்கிறது. வெளியேறும் புகையால் சுழலும் டர்போ, கூடுதல் காற்றைத் திணிக்கிறது. டீசலோ, வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தில், மயிரிழை போன்ற துளைகளின் வழியே தூவப்படுகிறது.

அத்துளைக்கு ஒரு துகளும் பகை. தூசி அடைக்கும், டீசலில் கலந்த நீர் துருவேற்றும். பிறகு கரும்புகை, இழுவைக் குறைவு. வாடகைக்கார் ஓட்டுநருக்கு அன்றைய வருவாயும் போய்விடும். காப்பது வடிகட்டிதான். பீய்ச்சுமுனையின் விலையை நோக்க அதன் விலை அற்பம். ஆயினும் அதை மாற்றுவதையே பலரும் தள்ளிப்போடுகின்றனர், விந்தைதான்! பெரும்பாலான வடிகட்டிகளின் அடியில், தேங்கிய நீரை வடிக்க ஒரு சிறு திருகு உண்டு. அதைத் தளர்த்திவிடச் சில நிமிடங்களே போதும்.