நாகலூர்ப் பாறை

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு கவிதை எழுதினேன். நாகலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், காப்பித் தோட்டத்து ஓரத்தில் கிடக்கும் பாறையைப் பற்றி. காலத்துக்கு வெளியே உட்கார்ந்திருப்பது என்று அதற்கு ஒரு படிமம். முப்பது பேர் படித்திருப்பார்கள். நாலைந்து பேர் நன்றாயிருப்பதாகச் சொன்னார்கள். இப்போது அதை வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது. காரணம் இலக்கியமல்ல, ரசாயனம்.

போன மார்கழியில், பாறைகளின் வயதைக் கணக்கிடும் வேலையிலிருக்கும் நண்பர் வந்திருந்தார். பாறையைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சம்மட்டியை எடுத்தார். மழையில் பழுத்திருந்த மேல்தோல் பெயர்ந்ததும் உள்ளே கரும்பச்சை. எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுக்கு. ‘சார்னோக்கைட்’ என்றார். நமக்குக் கருங்கல். கல்கத்தாவில் 1693ல் செத்துப்போன ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை, இருநூறு வருஷம் கழித்து, 1893ல் தாமஸ் ஹாலண்ட் ஆராய்ந்து வைத்த பெயர். அந்தக் கல் சென்னைப் பக்கம் பல்லாவரம், பறங்கிமலை வட்டாரத்திலிருந்து போனது. நம்மூர்க் கல் ஒரு வெள்ளைக்காரனின் பிணத்தின்மேல் ஏறி உட்கார்ந்துதான் உலகப் பெயர் வாங்கியிருக்கிறது.

மறுநாள் ஏற்காட்டுக்குப் போனோம். ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக் கல்லறையில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுக்கல் இருக்கிறது. 1863ல் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் ஆயுதத்தைக் கண்டெடுத்தவர். மறுவருஷமே கிங் என்பவரோடு சேர்ந்து சேலம், திருச்சிப் பகுதிப் பாறைகளைப் பற்றி எழுதினார். எது எதற்குக் கீழே, எது முந்தியது என்று அவர்களால் சொல்ல முடிந்தது; எத்தனை வருஷம் என்று சொல்ல வழியில்லை. கதிரியக்கமே 1896ல்தான் தெரியவந்தது. ஃபூட்டின் மாமனார் நமக்கு இன்னும் நெருக்கம்: பீட்டர் பர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டியவர். அவரும் 1882ல் ஏற்காட்டில்தான் இறந்தார். மாமனார் பழமொழி, மருமகன் கல். இரண்டுக்கும் பிறந்த தேதி கிடையாது.

திரும்பிவந்து திண்ணையில் உட்கார்ந்ததும் நண்பர் அப்பாவிடம், ‘ஐயாவுக்கு என்ன வயசாகுதுங்க?’ என்று கேட்டார்.

‘எதுக்குத் தம்பி? சர்டிபிகேட்டுக்கா, நெஜத்துக்கா?’

அப்பாவைப் பள்ளியில் சேர்த்த வாத்தியார், தலைக்கு மேல் கையை வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்து, ஒரு ஜூன் மாதத் தேதியை எழுதிவிட்டார். அதன்படி இரண்டு வருஷம் முன்னதாகவே வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நிஜத் தேதி பாட்டிக்குத் தெரியும்: காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை. வருஷம் அவளுக்குத் தேவைப்படவில்லை.

நண்பர் சிரிக்கவில்லை. எந்தச் சம்பவத்தின் தேதி வேண்டும் என்று தீர்மானிக்காமல் கல்லிடமும் வயது கேட்க முடியாது என்றார்.

ருபீடியம் ஸ்ட்ரான்ஷியமாக மாறுவதை வைத்து ஒரு கணக்கு உண்டு. ஆனால் இந்த மலைப் பாறைகளில் ருபீடியம் சொற்பம். பூமிக்கடியில் இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேல் வெந்தபோது பெரும்பகுதி வெளியேறிவிட்டதாம். எதனோடு வெளியேறியது என்பதில் அவர்களுக்குள் சண்டை. (நம் சண்டைகளைவிடக் கண்ணியமானது என்று தெரிகிறது.) மிஞ்சுவது சிர்க்கான் மணிகள். பத்துக் கிலோ கல்லை மாவாக இடித்து, நீரில் அலசி, காந்தம் காட்டிப் பிரித்தால் விரல்நுனியில் ஒட்டுமளவு கிடைக்கும். சிர்க்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. ஆகவே பிற்பாடு உள்ளே காணும் ஈயம் யுரேனியம் சிதைந்து அங்கேயே பிறந்தது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி வருஷம், யுரேனியம் 235க்கு 70 கோடி. ஒரே மணிக்குள் இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம்.

என் பாறையின் கணக்கு இன்னும் வரவில்லை. சேலம் வட்டாரத்துக்கு ஏற்கெனவே செய்த கணக்கு உண்டு. மணியைக் குறுக்கே தேய்த்துப் படமெடுத்தால் வெட்டின வெங்காயம்போல வளையங்கள். நடுவில் சுமார் 253 கோடி வருஷம். விளிம்பில் சுமார் 248 கோடி. குழம்பு இறுகியது முதல் தேதி, ஆழத்தில் மறுபடி வெந்தது இரண்டாவது. இடையில் ஐந்து கோடி வருஷம். இமயம் எழத் தொடங்கியதிலிருந்து இன்றுவரை ஆனதும் ஏறக்குறைய அவ்வளவுதான். இதுவும் பாறையின் வயதே தவிர மலையின் வயதல்ல. மலையாக நிமிர்ந்தது வேறு கதை. நிமிர்ந்தபின் மழை கரைத்து உச்சியில் பாக்சைட்டாக்கியது. அதை வெட்டி லாரி லாரியாக மேட்டூருக்குக் கொண்டுபோனதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

நம் புதுக்கவிதையில் கல் வந்தால் மௌனமும் யுகமும் கூடவே வந்துவிடுகின்றன. மூன்றையும் அடுக்கினால் ஒரு கவிதை தேறிவிடும். நானும் அடுக்கினேன். அது அம்மா செத்துப்போன மாதம். மாறாத ஒன்று தேவையாயிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் பாறை கிடந்தது. இரண்டு தடவை வெந்து, உள்ளிருந்ததை இழந்து, இப்போதும் கரைந்துகொண்டிருக்கிற ஒன்றின் மேல் அந்தப் பொறுப்பைச் சுமத்திவிட்டேன். இதை வைத்தே வேறொரு கவிதை எழுதலாமே என்றார் இன்னொரு நண்பர். வெந்தது, இழந்தது, நடு, விளிம்பு என்று உவமைகள் தாமாகவே வந்து வரிசையில் நிற்கின்றன. அதனாலேயே எழுதவில்லை.

பெயர்ந்த இடத்தில், இரண்டு மழைக்குப் பிறகு, ஓரமாகப் பழுப்பு ஏறத் தொடங்கியிருக்கிறது. சாயங்காலங்களில் அப்பா துண்டை விரித்து அங்கேதான் உட்காருகிறார். உடைந்த பக்கம் முதுகில் குத்துகிறதென்று கொஞ்சம் தள்ளி.