மலை மேல் கட்சி: சில குறிப்புகள்

2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் கொடைக்கானல் மலையின் பூம்பாறை, மன்னவனூர் வாக்காளர்கள் ஆளுக்கு நான்கு சீட்டில் முத்திரை குத்தினார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டு சீட்டிலும் கட்சிச் சின்னத்துக்கு இடமில்லை; பூட்டு சாவி, ஆட்டோ மாதிரியான பொதுச் சின்னங்கள்தான். பச்சையிலும் மஞ்சளிலும் உதயசூரியன், இரட்டை இலை, கை எல்லாம் வந்துவிடும். பண்ணைக்காடு பேரூராட்சியிலும் கொடைக்கானல் நகராட்சியிலும் வார்டு முதற்கொண்டே கட்சிப் போட்டி.

குடிதண்ணீர், தெருவிளக்கு விஷயத்தில் கட்சிச் சண்டை வேண்டாம் என்று சட்டம் நினைத்தது. நல்ல நினைப்பு. ஆனால் பூட்டு சாவிக்குப் பின்னால் எந்தக் கொடி என்பது ஊருக்கே தெரியும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலும் இதே நிலை. 1936 முதல் அந்த மாநிலச் சட்டமன்றத் தேர்தல் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் அச்சிடுவதில்லை. உறுப்பினர் எந்தக் கட்சிக்காரர் என்று அங்கேயும் எல்லோருக்கும் தெரியும்.

*

கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியவர்கள் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள், 1845இல். அவர்கள் நாட்டு அரசியல் சட்டத்தில் கட்சியைப் பற்றி ஒரு வரி கிடையாது. பதவியை விட்டுப் போகும்போது 1796இல் ஜார்ஜ் வாஷிங்டன், கட்சி கட்டிக்கொண்டு பிரியாதீர்கள் என்று எச்சரித்தார். அவர் கண் முன்னாலேயே கட்சிகள் முளைத்துவிட்டன.

நம் அரசியல் சட்டத்திலும் 1985இல் கட்சித் தாவல் தடைக்காக 52ஆவது திருத்தம் வரும்வரை கட்சிக்கு இடமில்லை. இரண்டு நாடுகளிலும் யாரும் திட்டமிட்டு வரவழைக்காமலே கட்சி வந்தது. காரணம் எளிது. தனி ஆளின் குரல் தலைநகர் வரை எட்டாது. யாராவது அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

*

மலைக்கிராமத்தில் கட்சி என்றால் முதலில் கிளைச் செயலாளர்தான். ராத்திரி பிரசவ வலி கண்டால் ஜீப்புக்கு அவரைத்தான் எழுப்புவார்கள். முதியோர் உதவித்தொகை நின்றுபோனால், ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனால், பட்டா மாறுதல் இழுத்தடித்தால் அவர் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். "அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். அவரும் மனுவை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காலை முதல் பஸ்ஸில் தாலுகா ஆபீசுக்குக் கிளம்புவார். காது குத்துக்கு மொய் வைப்பதும் அவர். எழவு வீட்டில் பந்தல் போடும்வரை நிற்பதும் அவர்.

இந்த உழைப்பை நான் மதிக்கிறேன். கட்சி என்றாலே சாக்கடை என்று பேசுகிறவர்கள், பட்டா இல்லாத ஒரு பளியர் குடும்பம் கொடைக்கானல் ஆபீஸ் வாசலில் தனியாக நிற்பதை ஒருநாள் பார்க்க வேண்டும். 2006 வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உரிமை தந்தது. அந்தக் காகிதத்தை மேசை மேசையாக நகர்த்த ஆள் வேண்டும். கட்சிக்காரர் கூட வந்தால் அதிகாரி நாற்காலியைக் காட்டுகிறார்.

உரிமையாகக் கிடைக்க வேண்டியது உதவியாகக் கிடைக்கிறதே என்பதுதான் என் வருத்தம். உதவி வாங்கியவர் அடுத்த தேர்தலில் கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறார்.

*

அமெரிக்காவும் இந்த வழியாக வந்த நாடுதான். 19ஆம் நூற்றாண்டு நியூயார்க்கில் டாமனி ஹால் என்ற கட்சி அமைப்பு, கப்பலிலிருந்து இறங்கிய ஏழைகளுக்கு வேலையும் குளிருக்குக் கரியும் தந்து வாக்கை வாங்கியது. ஜெயித்த கட்சி அரசு வேலைகளைத் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டது. 1881இல் வேலை கிடைக்காத ஒருவன் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டான். அதன் பிறகே, 1883இல், தேர்வு எழுதி வேலைக்கு வரும் முறைக்குச் சட்டம் போட்டார்கள். கட்சியை ஒழிக்கவில்லை, கட்சியின் கையிலிருந்து ஒரு சாவியை வாங்கிப் பொதுவில் வைத்தார்கள்.

*

கொடைக்கானலில் கட்சி ஆட்சி எங்கே வழுக்கியது என்று கேட்டால், பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கைச் சொல்ல வேண்டும். மலை நகரங்களில் இவ்வளவு உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்று விதி. சரிவு தாங்காது, மழைத் தண்ணீர் இறங்க வழி வேண்டும். அந்த விதியிலிருந்து விலக்கு அளித்து, ஓட்டலின் கூடுதல் தளங்களுக்கு 1994இல் அ.தி.மு.க. அரசு ஆணை போட்டது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு நீதிமன்றம் போயிற்று. உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 1995இல் உச்ச நீதிமன்றத்திலும் ஓட்டலின் மேல்முறையீடு எடுபடவில்லை.

அந்தக் குழு 1985இல் தொடங்கியது. மரக்கன்று வளர்ப்பதும் சோலைக்காட்டுக்காகப் பேசுவதும்தான் அதன் வேலை. அதற்குக் கொடியில்லை, சின்னமில்லை. ஆளுங்கட்சி தவறும்போது எதிர்க்கட்சி தடுக்கும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. இங்கே நீதிமன்றப் படியேறித் தடுத்தவர்கள் கட்சி சாராத மலைவாசிகள்.

*

அதே விவகாரத்தின் குற்ற வழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று, அந்த அரசின் முதல்வராக இருந்த ஜெயலலிதாவுக்குத் தனி நீதிமன்றம் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் தண்டனைத் தீர்ப்பு வந்த அன்றே தருமபுரி அருகே, கல்விச் சுற்றுலா போய்க்கொண்டிருந்த கோவை வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்குக் கட்சிக்காரர்கள் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் வெந்து போனார்கள். அந்தப் பெண்களுக்கும் கொடைக்கானல் ஓட்டலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நள்ளிரவில் ஜீப் பிடித்துத் தருகிற கட்சிக்காரரையும், பேருந்துக்குத் தீ வைத்த கட்சிக்காரரையும் ஒரே பட்டியலில் எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். கட்சி மேலிருந்து மட்டும் இயங்கும்போது, கீழே இருப்பவருக்குத் தன் மதிப்பைக் காட்ட விசுவாசம் ஒன்றே வழியாகிறது. அந்த விசுவாசம் எந்த எல்லைக்கும் போகும்.

*

மலையடிவாரத் திண்டுக்கல் தமிழக அரசியலைத் திருப்பிப் போட்ட ஊர். எம்.ஜி.ஆர். 1972 அக்டோபரில் அ.தி.மு.க.வைத் தொடங்கினார். 1973 மே மாதம் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தல். வேட்பாளர் மாயத்தேவர், சின்னம் இரட்டை இலை. ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போயிற்று. பிறந்து ஏழே மாதமான கட்சியை மக்கள் தூக்கி நிறுத்தினார்கள். அமெரிக்காவில் இது நடப்பது வெகு அரிது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே அதே இரண்டு கட்சிகள்தான். மூன்றாவது ஆளுக்கு வழி விடுவதில்லை. நம் கூட்டணி முறையில் சிறிய கட்சிக்கும் மூச்சு உண்டு. 2024இல் திண்டுக்கல்லில் வென்றவர் தி.மு.க. அணியின் மார்க்சிஸ்ட் வேட்பாளர்.

அதே மாயத்தேவர் 1980இல் தி.மு.க. வேட்பாளராக நின்று அதே தொகுதியில் ஜெயித்தார். ஆளுக்கும் கட்சிக்கும் இடையில் மக்கள் எப்படி நிறுத்துப் பார்க்கிறார்கள் என்று யோசிக்க இது நல்ல இடம்.

*

2017ஐ மட்டும் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். ஜூலையில் வாஷிங்டனில் செனட்டர் ஜான் மெக்கெய்ன், சொந்தக் கட்சி கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டு மசோதாவுக்கு எதிராக வாக்களித்தார். மசோதா தோற்றது. கட்சிக்காரர்கள் கோபப்பட்டார்கள், ஆனால் அவர் பதவியை யாராலும் தொட முடியவில்லை.

செப்டம்பரில் சென்னையில் 18 எம்.எல்.ஏ.க்கள் பதவி இழந்தார்கள். முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்ததற்காக, கட்சித் தாவல் சட்டத்தின் கீழ் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். மலையின் தெற்குக் காலடியில் இருக்கும் நிலக்கோட்டை, பெரியகுளம் இரண்டு தொகுதிகளும் அதில் அடக்கம். 2019 இடைத்தேர்தல் வரை ஒன்றரை ஆண்டுக்கு மேல் அந்த மக்களுக்குச் சட்டமன்றத்தில் ஆளே இல்லை. அந்தக் கடிதத்தின் நியாய அநியாயம் வேறு பேச்சு. பணத்துக்குத் தாவுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தண்டனை அனுபவித்தது நிலக்கோட்டைத் தொகுதியின் வத்தலக்குண்டு வாக்காளரும்தான்.

*

அமெரிக்காவிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றால், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்வேன். ஒரு காலத்தில் அங்கேயும் மூடிய அறைக்குள் பெரியவர்கள் சிலர் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். 1903இல் விஸ்கான்சின் மாநிலம் அதற்குச் சட்டம் போட்டது. கட்சி வேட்பாளரை மக்களே ஒரு முன்தேர்தலில் வாக்களித்துத் தேர்வு செய்யட்டும் என்றது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. அந்த முறையிலும் குறை உண்டு. பணம் புகுகிறது, உரக்கக் கத்துகிறவர் முந்துகிறார். ஆனாலும் தலைமைக்குப் பிடிக்காத ஒருவர் மக்களைப் பிடித்து மேலே வர ஒரு வழி இருக்கிறது.

இங்கே? விருப்ப மனு, அதற்குக் கட்டணம், சென்னையில் நேர்காணல், பிறகு ஒரு மாலையில் பட்டியல். கொடைக்கானல் மலை முழுக்கப் பழனித் தொகுதியில் சேர்ந்தது. வாக்கு அதிகம் சமவெளியில். வேட்பாளர் யார் என்பதில் மன்னவனூர்க் கிளைச் செயலாளருக்கு எந்தப் பங்கும் கிடையாது. பட்டியல் வந்ததும் பட்டாசு வெடிப்பதுதான் அவர் வேலை.

*

கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகவி. கொடைக்கானலைவிடப் பழைய ஊர். தலைமுறை தலைமுறையாகச் சாலை கேட்டு வந்திருக்கிறார்கள். நோயாளியை டோலி கட்டித் தூக்கியிருக்கிறார்கள். தேர்தல் தவறாமல் நடந்தது. வாக்குறுதியும் தவறாமல் வந்தது. கையளவு வாக்குக்காக எந்தத் தலைமையும் மெனக்கெடாது. கட்சிக்குள் வெள்ளகவிக்காரருக்கும் ஒரு வாக்கு இருந்தால், சீட்டுக் கேட்டு வருகிறவர் ஒருமுறையாவது அந்தப் பாதையில் நடந்து போக வேண்டிவரும்.

*

பொது இடங்களில் நிற்கும் கட்சிக் கொடிக்கம்பங்களை அகற்ற 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. சந்திப்புக்குச் சந்திப்பு கம்பம் நிற்கும் மலைச்சாலைக்கும் இது பொருந்தும். கம்பம் போனாலும் கட்சி போகாது, போகவும் வேண்டாம். நான் கேட்பது இதுதான்: உறுப்பினர் அட்டை வாங்கிய ஒவ்வொருவருக்கும் தன் தொகுதி வேட்பாளரைத் தேர்வு செய்ய ஒரு வாக்கு, கிளை முதல் மாவட்டம் வரை ஒழுங்கான உட்கட்சித் தேர்தல், ஆட்சியைக் கவிழ்க்காத விஷயங்களில் எம்.எல்.ஏ. மனச்சாட்சிப்படி வாக்களிக்க உரிமை. மூன்றாவதற்குத்தான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். முதல் இரண்டையும் எந்தக் கட்சியும் தன் பொதுக்குழுவில் நாளையே தீர்மானமாகப் போடலாம்.