பல்லைப் பார்த்துக் கால்வலி சொன்னவர்

ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலாடிப் பக்கம் பந்தயம் என்றால் முதலில் மாடுதான். முளைப்பாரி, பொங்கல், கும்பாபிஷேகம் என்று எது வந்தாலும் மாட்டுவண்டிப் பந்தயம் உண்டு. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, ‘போக வர எட்டு மைல்’ என்று இன்றைக்கும் மைல் கணக்கிலேயே நோட்டீஸ் அடிக்கிறார்கள். 2014இல் உச்ச நீதிமன்றத் தடை வந்தது. 2017இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. அதோடு தொழுவங்களில் பழைய சுறுசுறுப்பு திரும்பிவிட்டது. மாடு வைத்திருந்தவர்களில் சிலர் இப்போது குதிரையும் வாங்கிக் கட்டுகிறார்கள்.

அப்படி வாங்கிய ஒருவரின் குதிரைக்குத்தான் வலி. “முன்னங்கால்ல வலி இருக்கு. எந்த இடத்துலன்னு பிடிபடலை. லாடக்கார பாய் வர்றார், நீங்களும் வாங்க” என்று கூப்பிட்டார் என் நண்பர். அவர் கால்நடை மருத்துவர். எக்ஸ்ரே, மரப்பு ஊசி எல்லாம் தெரிந்தவர். ஆனாலும் பாய் வந்து பார்க்காமல் குதிரை விஷயத்தில் வாய் திறக்க மாட்டார்.

சீமைக்கருவேலங் காட்டை வெட்டி ஒதுக்கிய இடத்தில் தகரக் கொட்டகை. உள்ளே இரண்டு ஜோடிக் காளைகள், கடைசியில் அந்தக் குதிரை. சிவலை நிறம், நெற்றியில் வெள்ளை. காது நுனிகள் இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்த்தன. குஜராத்தின் காத்தியவார் இரத்தம் கொஞ்சமாவது இருக்கிறது என்பதற்கு அந்தக் காது அடையாளம் என்றார் நண்பர். தமிழ்நாட்டில் குதிரைச் சந்தை என்றால் ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடுவதுதான் பெரிது. இந்தக் குதிரை சந்தைக்கே போகவில்லை. தரகர் ஒருவரின் வேனிலிருந்து நேராக இங்கே இறங்கியது. நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி எல்லாம் பார்த்து, “யோகமான குதிரை, நாலு வயசு முடிஞ்சது” என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார் தரகர்.

வந்ததிலிருந்து அதற்கு ராஜ உபசாரம். கொள்ளு, பேரீச்சம்பழம், முட்டை. விடியற்காலையில் வண்டி பூட்டித் தார்ச்சாலையில் பழக்கம். ஒரு பந்தயத்தில் இரண்டாவது வந்திருக்கிறது. அடுத்ததில் பாதி தூரத்திலேயே இடது முன்னங்காலைச் சிக்கனமாக வைக்க ஆரம்பித்துவிட்டது.

அதன் பிறகு வந்தவர்கள் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். “சப்பை பிடிச்சிருக்கு” என்றார் சாரதி. ஒரு வாரம் தோளில் எண்ணெய் தேய்த்தார்கள். “லாட ஆணி ஏறிருக்கு” என்றார் பக்கத்து ஊர்க்காரர். பெரியவர் ஒருவர் காய்ச்சிய கம்பியால் சூடு போடச் சொன்னார். நல்லவேளையாக அதை யாரும் கேட்கவில்லை. யாரோ வலி ஊசி போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் நன்றாக நடந்தது. அந்த இரண்டு நாளும் மறுபடி வண்டியில் பூட்டியிருக்கிறார்கள்.

பாய்க்கு எழுபதுக்கு மேல் வயதிருக்கும். மொபெட்டில் சாக்குப் பையோடு வந்து இறங்கினார். குதிரையைத் தொடவில்லை. “தம்பி, ரோட்டுல நடத்திக் காட்டு” என்றார் உரிமையாளரிடம். நடத்தினார்கள். பிறகு மெதுவாக ஓடச் சொன்னார். “தலையைப் பாருங்க சார்” என்றார் என்னிடம். “வலிக்கிற கால் தரையில படும்போது தலை மேல போகும். நல்ல கால் ஊனும்போது இறங்கும். காலைப் பார்த்துக்கிட்டே நின்னா ஒண்ணும் தெரியாது.” அப்படியே இருந்தது. இடது கால் ஊன்றும்போதெல்லாம் தலை விசுக்கென்று உயர்ந்தது. அடுத்து என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிக் காதைக் கொடுக்கச் சொன்னார். தார்ச்சாலையில் நாலு குளம்பும் ஒரே சீராக விழவில்லை. ஒரு தட்டு மட்டும் லேசாக, அவசரமாக விழுந்தது.

அதே குதிரையை வறண்டு கிடந்த கண்மாய் மணலில் ஓட்டினார்கள். தலையாட்டம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. பாயும் நண்பரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கெட்டித் தரையில் கூடி, மணலில் குறைகிற வலி பெரும்பாலும் எலும்பிலோ குளம்பிலோ இருக்கும். தசையிலோ தசைநாரிலோ இருந்தால் மணலில்தான் கூடும் என்று நண்பர் எனக்குச் சொன்னார். சப்பை அங்கேயே விடுதலை ஆயிற்று.

அடுத்தது குளம்பு. சாக்குப் பையிலிருந்து குறடு வந்தது. பாயின் அப்பா காலத்துக் குறடு அது. கைப்பிடி இரண்டும் வியர்வை பட்டுப் பட்டுக் கறுத்து வழவழத்திருந்தன, ஒரு தாடை தேய்ந்து மொட்டையாகியிருந்தது. குளம்பை அழுத்தி வலி பார்ப்பதற்கென்றே மருத்துவர்களிடம் தனி இடுக்கி இருக்கிறது. பாய்க்கு ஆணி பிடுங்கவும் வலி கேட்கவும் இந்த ஒரே குறடுதான். காலைத் தூக்கித் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். குளம்பைச் சுரண்டி, சுரண்டிய விரலை மோந்து பார்த்தார். அழுகல் வாடை இல்லை. பிறகு குறட்டின் ஒரு தாடையை அடியிலும் மறு தாடையைக் குளம்புச் சுவரிலும் வைத்து, இடம் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே போனார். நான் குறட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். “அதைப் பார்க்காதீங்க, காதைப் பாருங்க” என்றார். வளைந்த அந்தக் காதுகள் அசையவே இல்லை. ஆணி ஆணியாகச் சுத்தியால் தட்டினார். அப்போதும் இல்லை.

ஆனாலும் லாடத்தைப் பிடுங்கினார். ஆணியைச் சற்று உள்வாங்கி அடித்துவிட்டால் அன்றைக்கே வலிக்காது, சில நாள் கழித்துத்தான் தெரியும். அப்படியிருந்தால் பிடுங்கிய ஓட்டையில் ஈரமோ கறுப்பு நீரோ தெரியும் என்றார். ஓட்டைகள் காய்ந்து சுத்தமாக இருந்தன. குளம்பின் முன்பக்கம் மட்டும் வேண்டாத அளவுக்கு நீண்டிருந்தது. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளரும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் லாடத்தைக் கழற்றி, குளம்பைச் செதுக்கி மறுபடி அடிக்க வேண்டும். இது அதைவிட நெடுநாள் கிடந்த லாடம். “இதுவும் ஒரு குத்தம்தான். ஆனா இது இல்லை” என்றார்.

கை மேலே ஏறியது. குளம்புக்கு மேலே நாடி பிடித்தார். மூட்டை மடக்கிப் பார்த்தார். கணைக்காலின் பின்னால் ஓடும் தசைநாரை விரலுக்குள் வைத்து உருவினார். பிறகு முழங்காலுக்குக் கீழே, உள்பக்கமாகக் கட்டைவிரலை நகர்த்தினார். குதிரை காலைப் படக்கென்று உதறிப் பின்னால் போனது. என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். தோலுக்கடியில் புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியான புடைப்பு. அதன்மேல் சூடு. வலது காலிலும் தேடினார். அங்கேயும் சின்னதாக ஒன்று முளைத்துக்கொண்டிருந்தது.

இத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்தோம். பாய் எழுந்து குதிரையின் வாய்ப் பக்கம் போனார். கடிக்கிற குதிரை என்பதால் அதுவரை யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. கடைவாயோரம் பல் இல்லாத இடத்தில் விரலைக் கொடுத்து, நாக்கை ஒதுக்கி, உதட்டை விலக்கினார். முன்பல் மேலே ஆறு, கீழே ஆறு. நடுவில் இருந்த ஜோடி மட்டும் பெரிதாக, பழுப்பாக இருந்தது. இரண்டு பக்கமும் இருந்தவை வெள்ளை வெளேரென்ற சின்னப் பால்பற்கள்.

“ரெண்டு பல்லு தம்பி. மூணு வயசு இன்னும் முடியலை.”

உரிமையாளர் சற்று நேரம் பேசவில்லை. மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கத் தெரிந்த குடும்பம் அது. குதிரைக்கு நடுப்பல் இரண்டரை வயதிலும், அடுத்த ஜோடி மூன்றரையிலும், ஓரப்பல் நாலரையிலும் மாறும். நாலு வயது முடிந்திருந்தால் நாலு பல் விழுந்து முளைத்திருக்க வேண்டும். தரகர் சுழியைக் காட்டினார். இவர்களும் சுழியையே பார்த்தார்கள்.

காரணத்தை நண்பர் விளக்கினார். குதிரையின் கணைக்காலில் நடுவே ஒரு தடித்த எலும்பு, இரண்டு பக்கமும் அதை ஒட்டினாற்போலக் குச்சி மாதிரி இரண்டு எலும்புகள். இளம் வயதில் இவற்றை நார்தான் சேர்த்துப் பிடித்திருக்கும். வளர வளரத்தான் எலும்பாகி ஒட்டும். குதிரை சும்மா நிற்கும்போதே அதன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்கள் மேல் இருக்கிறது. வண்டியைப் பூட்டித் தாரில் ஓட்டினால் ஒவ்வொரு எட்டிலும் அந்த நார் இழுபடும், புண்ணாகும், அந்த இடத்தில் புது எலும்பு புடைக்கும். அதுதான் அந்தச் சூடும் வலியும். முதுகெலும்பின் வளர்ச்சி முடிய இன்னும் தாமதம். ஐந்து வயதைத் தாண்டிவிடும். ஆங்கிலக் குதிரைப் பந்தய உலகிலும் இரண்டு வயதுக் குட்டிகளை ஓடவிடுகிறார்கள், அவற்றுக்கும் கணைக்கால் வீங்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே ஓடுவது புல்தரையிலும் மணலிலும். கூடவே மருத்துவரும் எக்ஸ்ரேயும் இருக்கும்.

பாய் குளம்பைச் செதுக்கியதை முழுக்க எழுத இடம் போதாது. செதுக்கிக்கொண்டே அவர் சொன்ன கதையைச் சொல்கிறேன். அவருடைய அப்பா ராமநாதபுரம் ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். ஏர்வாடி தர்காவுக்கும் உத்தரகோசமங்கைக்கும் வருகிற சனங்களை ஏற்றிக்கொண்டு போவார். பாய் சின்ன வயதில் கிண்டிப் பந்தயக் குதிரை லாயத்தில் எடுபிடியாக இருந்து, அலுமினிய லாடம் அடிப்பதைப் பார்த்துக் கற்றவர். அப்பாவுக்கு முடியாமல் போனதும் ஊர் திரும்பினார். ஆட்டோ வந்தது, ஜட்கா போனது, குதிரை போனது. மாட்டு லாடத்தில் பிழைத்தார். மகன் கீழக்கரையில் செல்போன் கடை வைத்திருக்கிறார். “அவனுக்குக் குனிஞ்சா இடுப்பு வலிக்குமாம். எனக்கும் வலிக்கத்தான் செய்யுது” என்று சிரித்தார்.

எனக்குக் கோபம் வந்தது பாயின் கூலியைக் கேட்டபோது. அந்தக் குதிரைக்கு ஒரு வாரத்துக்கு வாங்கும் பேரீச்சம்பழத்தின் விலைகூட இல்லை. தரகரோ விற்றவரிடம் ஒரு கமிஷன், வாங்கியவரிடம் ஒரு கமிஷன் என்று துண்டுக்கடியில் விரல் பிடித்தே எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார். குதிரை நொண்டினால் அவருக்கு நட்டமில்லை. சொல்லப்போனால் லாபம், அடுத்த குதிரைக்கும் அவரிடம்தானே போக வேண்டும்?

இந்தக் கணக்கு புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இதே கடற்கரையின் குதிரை வியாபாரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அரச சகோதரர்கள் ஐந்து பேரும் ஆளுக்கு 2,000க்கு மேல் குதிரை வாங்குவார்களாம், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சாதாம். ஒவ்வொரு குதிரையும் 100 மார்க் வெள்ளிக்கு மேல். ஹோர்முஸ், ஏடன் பக்கத்திலிருந்து கொண்டுவந்த வியாபாரிகள் லாடம் கட்டத் தெரிந்த ஆளைக் கூட்டிவர மாட்டார்கள். வேறு யாரும் வரவும் விட மாட்டார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை! பாண்டிய நாட்டார் சோற்றோடு இறைச்சியைச் சமைத்துக் குதிரைக்குப் போட்டதையும் போலோ எழுதியிருக்கிறார். இன்றைக்கு முட்டையும் பேரீச்சம்பழமும். தீனியில் குறை வைக்காத நாம்தான், கால் பார்க்கத் தெரிந்தவரை 700 வருஷமாகக் கடைசியில் கூப்பிடுகிறோம்.

பந்தய நோட்டீஸ்களை நான் ஆர்வமாகப் படிப்பவன். பரிசு கொடுத்தவர், கொடி கொடுத்தவர், மாட்டுக்காரர், சாரதி எல்லோர் பெயரும் வரும். லாடக்காரர் பெயரை இதுவரை எதிலும் பார்த்ததில்லை.

தீர்ப்பைப் பாய் சொன்னார். நண்பர் அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. லாடத்தைக் கழற்றியாயிற்று, இப்போதைக்கு வேண்டாம். சூடு அடங்கும்வரை தினமும் குளிர்ந்த நீர் ஒத்தடம். முடிந்தால் மாரியூர்க் கடலில் முழங்கால் நீரில் நிறுத்த வேண்டும். வலி ஊசி போட்டு ஓட்டக் கூடாது. எலும்பில் விரிசல் இல்லை என்று உறுதி செய்ய, திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சூடு தணிந்தால் புடைப்பு கெட்டியாக அப்படியே நிற்கும், ஆனால் வலிக்காது. “நாலு பல்லு வரட்டும், மணல்ல நடத்து. ஓரப்பல் சேரட்டும், அப்புறம் பந்தயம்.” அதற்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். “அதுவரைக்கும் சும்மா தீனி போடணுமா பாய்?” என்று கேட்டார் உரிமையாளர். “குட்டின்னா அப்படித்தான் தம்பி” என்றார் பாய்.

குதிரை வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு லாடக்காரரையோ கால்நடை மருத்துவரையோ கூட அழைத்துப் போங்கள், அவர் கூலியைத் தரகர் கமிஷனில் பிடித்துக்கொள்ளுங்கள். பந்தயக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். சின்னக் குதிரை, நடுக்குதிரை, பெரிய குதிரை என்று உயரம் பார்த்துப் பிரிக்கிறீர்கள். அதே இடத்தில் உதட்டை விலக்கிப் பல்லையும் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை. பால்பல் மிச்சமிருக்கிற எந்தக் குதிரையையும் கோட்டில் நிறுத்தாதீர்கள்.