புளியின் நிழலிலே

புளியமரத்தின் கீழ் எதுவும் உருப்படாது என்பது யாழ்ப்பாணத்தார் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முடிபு. மேலைநாட்டார் வால்நட் மரத்தைப் பற்றி இதனையே கூறினர். அதன் நிழல் பிற பயிர்களுக்கு நஞ்சென்று கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே உரோமரான பிளினி எழுதிவைத்தார். அம்மரத்திலுள்ள ஜுக்லோன் என்னும் பொருள் தக்காளி போன்ற செடிகளை வாட்டுமெனப் பிற்கால அறிவியல் கண்டது. புளியின் இலையிலும் வேரிலும் பிற விதைகளின் முளைப்பையும் வளர்ச்சியையும் தடுக்கும் பொருள்கள் உண்டென ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆயினும், பழி முழுவதும் நஞ்சுக்குரியதன்று. அடர்ந்த நிழலுக்கும் நீரைக் கவரும் வேருக்கும் அதிற் பங்குண்டு.

வல்வெட்டித்துறையிலே, கடற்கரைக்கு அண்மையிலுள்ள வளவொன்றில் முதிர்ந்த புளியொன்று நிற்கின்றது. 1987 மே மாதத்து வடமராட்சி இராணுவ நடவடிக்கையின்போது வெளியேறிய அவ்வீட்டு மூதாட்டி மீண்டுவந்தபோது வேலி இல்லை, கூரை இல்லை. காணியை அடையாளங் காட்டியது அம்மரமே. 2019 இன் இறுதியில் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு, விலை பன்மடங்கு உயர்ந்தது. "புளியைத் தறிச்சுப்போட்டு மஞ்சளை நடுங்கோவன், அம்மா" என்றான் கடல்கடந்து வாழும் மகன். "மரம் நிக்கட்டும் தம்பி, மஞ்சளுக்கு நான் இடம் பாக்கிறன்" என்றார் அவர்.

அடிமரத்தருகே நட்ட கிழங்குகள் முளைத்தும் வெளிறி வாடின. அடுத்த முறை, கிளைநுனிக்கு அப்பால் காலைவெயில் படுமிடத்தைத் தெரிந்தார். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அகற்றி, எருவிட்டு, கிணற்றடி நீரை அப்பக்கம் திருப்பினார். மஞ்சள் தழைத்தது, அரைநிழல் அதற்குப் பகையன்று. நீரோடும் வாய்க்காலோரத்தில் வல்லாரை படர்ந்தது. வறண்ட பக்கத்திற்குக் கற்றாழையும் பிரண்டையும் போதுமாயின. வேலியோரம் ஆடாதோடை நின்றது. அதனை ஆடும் தொடுவதில்லை. புளியின் வேரோடு போட்டியிடாதபடி கற்பூரவள்ளியைச் சட்டியில் வைத்தார். அடிமரத்தைச் சூழ்ந்த நிலத்தை மரத்துக்கே விட்டுவிட்டார்.

ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தை அறிவதே தோட்டக்கலையின் முதற்பாடம். அதனை அவர் எந்நூலிலும் கற்றவரல்லர்.

பின்னொரு விடுமுறையில் வந்த மகன் திரும்பிச் சென்றபோது, அவன் பெட்டியில் இரு பொதிகள் இருந்தன. ஒன்றில் மஞ்சள், மற்றதில் பழப்புளி. மரத்தைத் தறிப்பது பற்றி அவன் பின்னர் பேசவில்லை.